பசை தடவறதுக்கு முன்னாடி இருக்கற வேலையையும் எழுதுங்க சார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லீவு நாள் பொழுதுபோக்குன்னு நீங்க போட்ட பக்கத்துல பிளாஸ்டிக் விமான மாடல் பத்தி நாலு வரி வந்திருந்துச்சு, பாத்ததும் அவ்ளோ சந்தோஷம், ஏன்னா தமிழ்ல இதப் பத்தி யாராவது எழுதினாலே எனக்கு பெரிய விஷயம். ஆனா அதுல பாகங்கள வெட்டி எடுத்து பசை தடவி ஒட்டினா ரெண்டு நாள்ல விமானம் ரெடின்னு முடிச்சிட்டீங்க. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர்.

சில கிட்டுக்கு (பாகம் பாகமா பெட்டில வர்ற மாடல் செட்) நீங்க சொன்னது உண்மைதான், நல்லா செஞ்ச கிட்டுல ஒரு பாகத்துல முளை இருக்கும், எதிர் பாகத்துல அதுக்கேத்த குழி இருக்கும், டக்குனு உக்காந்துரும். ஆனா பெட்டி மேல இருக்கற படத்த பாத்து ஆசப்பட்டு வாங்குறவங்களுக்கு உள்ள எந்த மாதிரி கிட் இருக்குன்னு தெரியாது. கம்மி எண்ணிக்கைல கிட் போடுற சின்ன கம்பெனிங்க விலை கம்மியான அச்சுல, கம்மி அழுத்தத்துல பிளாஸ்டிக்க ஊத்துறாங்க, அதனால பாகமெல்லாம் தடிமனா வரும், ஓரத்துல பிசிறு இருக்கும், முளையும் குழியும் பெரும்பாலும் இருக்கவே இருக்காது. யாருமே செய்யாத விமானத்தையெல்லாம் இவங்கதான் செய்யறாங்க, அதுக்கு நன்றி சொல்லணும். ஆனா அத முதல் தடவ எடுத்து உக்காந்தவங்க ஒண்ணோட ஒண்ணு சேரலேன்னதும் எனக்கு கை வராதுன்னு முடிவு பண்ணிட்டு பெட்டிய மூடி பரண்ல போட்டுடறாங்க. சார், கை மேல தப்பே இல்ல. பசை தடவறதுக்கு முன்னாடி செய்யவேண்டிய வேலை ஒண்ணு இருக்குன்னு அவங்களுக்கு யாரும் சொல்லல, அவ்ளோதான்.

நானும் அப்படி பெட்டிய மூடினவன்தான். ஃபேரி ஸ்வார்ட்ஃபிஷ்னு ஒரு விமானம், 1934ல முதல்ல பறந்தது, மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு இறக்கை, உலோகச் சட்டத்துக்கு மேல துணி போத்தினது. ரெண்டாம் உலகப் போர் வந்தப்பவே பழசாப் போச்சுன்னு சொன்ன விமானம், ஆனா 1940 நவம்பர்ல டாரன்டோ துறைமுகத்துல ராத்திரி போய் இத்தாலி போர்க்கப்பல்கள அடிச்சது இதான், அடுத்த வருஷம் மே மாசம் ஜெர்மனியோட பிஸ்மார்க் போர்க்கப்பலோட சுக்கான டார்பிடோ (தண்ணிக்குள்ள ஓடிப்போய் வெடிக்கற குண்டு) போட்டு முடக்கினதும் இதான். அந்தக் கதைய படிச்சதுலேந்து எனக்கு அந்த விமானம் மேல ஒரு பிரியம். 1/72 அளவுல ஒரு சின்ன கம்பெனி கிட் கிடச்சுது. 1/72ன்னா நெசத்துல ஆறடி இருக்கறது இங்க ஒரு இன்ச், இறக்கை நுனிக்கு நுனி 13.87 மீட்டர் இருக்கற விமானம் மேஜை மேல 19 சென்டிமீட்டர் சொச்சம், அது தூக்கிட்டுப் போன 18 இன்ச் டார்பிடோ கிட்டத்தட்ட கால் இன்ச் கனம்.

பைலட், அப்சர்வர், கன்னர்னு மூணு பேர் வரிசையா உக்கார்ற தொறந்த காக்பிட், அத மொதல்ல செஞ்சு பெயின்ட் அடிச்சு ஒரு பக்க உடம்புல ஒட்டி ராத்திரி முழுக்க காயவிட்டு, காலைல இன்னொரு பாதிய வெச்சு மூடினா மூடவே இல்ல, ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல வாய தொறந்துட்டு நிக்குது. அமுக்கிப் பிடிச்சா சேருமேன்னு அமுக்கினேன், ஓரத்துல விரிசல் விட்டுடுச்சு. அன்னிக்கு மூடி வெச்ச பெட்டி ஒரு வருஷத்துக்கு மேல அப்படியே கெடந்துச்சு, அந்தப் பக்கம் போறப்பெல்லாம் மனசு கஷ்டமா இருக்கும்.

மறுபடி எடுத்தப்ப பசையவே மேஜைல வெக்கல. மாஸ்கிங் டேப், உப்புத்தாள், ஒரு ஃபைல், அவ்ளோதான். காக்பிட் தரைய பேத்து எடுத்தேன். உடம்பு சுவரே நெசத்துக்கு பல மடங்கு தடிமனா இருக்குல்ல, அத உள்பக்கமா தேச்சு தேச்சு மெலிசாக்கினேன், தரையோட ரெண்டு ஓரத்தையும் கொஞ்சம் கொஞ்சமா அராவினேன், ஒவ்வொரு நாலு தேய்ப்புக்கும் ஒரு தடவ டேப் போட்டு மூடிப் பாத்தேன். இததான் டிரை ஃபிட்னு சொல்றாங்க. எத்தன தடவ மூடித் தொறந்தேன்னு கணக்கே இல்ல, ஆனா கடைசியா விரலால பிடிக்காமலே ரெண்டு பாதியும் சேந்து நின்னப்ப வந்த நிம்மதி இருக்கே, விமானம் முழுசா முடிஞ்சப்ப கூட எனக்கு அப்படி வரல. அதுக்கப்புறம் பசை போட அஞ்சு நிமிஷம் ஆச்சு. பிளாஸ்டிக் சிமென்ட் ஃபெவிகால் மாதிரி நடுவுல உக்காந்து ஒட்டாது, பாலிஸ்டைரீன கரைச்சு ரெண்டையும் ஒண்ணாக்கிடும், அதனால தப்பா ஒட்டினா பிரிக்கறது ரொம்ப கஷ்டம். இத தெரிஞ்சுக்கிட்டாலே யாரும் பசைக்கு அவசரப்பட மாட்டாங்க.

இறக்கை உடம்போட சேர்ற எடத்துல ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்துச்சு. பொதுவா எல்லாரும் சந்த அடைக்கற பசை மாதிரியான புட்டிய அப்பிடுவாங்க, புட்டி காய்ஞ்சா சுருங்கும், அப்புறம் அத தேய்க்கறப்போ துணிக்கு அடியில விலா எலும்பு மாதிரி தெரியற கோடெல்லாம் சேந்து அழிஞ்சிடும். நான் மெல்லிசு பிளாஸ்டிக் ஷீட்ட துண்டு வெட்டி அந்த சந்துல சொருகி ஒட்டினேன், தேய்க்கறதுக்கு முன்னாடி சுத்தி டேப் ஒட்டி கோடுகள மூடி வெச்சேன். 400ல ஆரம்பிச்சு 1000 நம்பர் தாள் வரைக்கும் தண்ணி தொட்டு தேச்சேன். (கிட்டுல ரெசின்ங்கற வேற வகை பிளாஸ்டிக்ல வார்த்த பாகம் இருந்தா தண்ணி தொட்டுதான் தேய்க்கணும், மாஸ்க் போட்டுக்கணும், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. இதையும் உங்க பக்கத்துல ஒரு வரி போட்டிருக்கலாம்.)

ரொம்ப கஷ்டம்னா அது மேல் இறக்கைதான். ஈர்க்குச்சி கனத்துல இருக்கற கம்புங்க மேல அது நிக்கணும், அந்த ஸ்ட்ரட் எதுக்கும் சரியான குழி கெடையாது. ஒவ்வொண்ணா ஒட்டிட்டு இறக்கைய மேல வெச்சா எல்லாம் சாஞ்சிடும். அதனால விமானத்த முன்னாடிலேந்து பாத்த படத்த 1/72க்கு பிரின்ட் எடுத்து, அந்த கோணத்துக்கு கெட்டி அட்டைய வெட்டி, கீழ் இறக்கைக்கும் மேல் இறக்கைக்கும் நடுவுல நிக்கற மாதிரி ஜிக் ஒண்ணு செஞ்சேன். இறக்கைய அட்டை தாங்கிக்கும், ஸ்ட்ரட்ட நிதானமா நீளம் பாத்து தேச்சு சொருகிக்கலாம். இந்த அட்டை செய்யவே ஒரு வாரம் ஆச்சு, ஒட்ட ஒரு சாயங்காலம். கோணம் ஒண்ணு ரெண்டு டிகிரி மாறினா என்னன்னு கேப்பாங்க. 1942ல அமெரிக்க கடற்படை பள்ளிக்கூட பசங்ககிட்ட இதே 1/72 அளவுல மர மாடல் செஞ்சு தரச் சொன்னாங்க, தூரத்துல வர்ற விமானம் நம்மளதா எதிரியோடதான்னு வெறும் உருவத்த பாத்தே கண்டுபிடிக்க பழக்கறதுக்கு. இறக்கை நிக்கற விதம்தான் அந்த விமானத்தோட அடையாளம், அது மாறினா அது ஸ்வார்ட்ஃபிஷ் இல்ல.

ரெண்டு இறக்கைக்கும் நடுவுல இழுத்துக் கட்டியிருக்கற மெல்லிசு கம்பிங்க இருக்கே, மேல் இறக்கைய ஒட்டறதுக்கு முன்னாடியே அந்தக் கம்பி கட்டற எடமெல்லாம் 0.3 மில்லிமீட்டர் டிரில்லால ஓட்டை போட்டு வெச்சிட்டேன், பெயின்டும் டெக்காலும் (விமானத்து மேல இருக்கற சின்னம், எழுத்தெல்லாம் ஒட்டற மெல்லிசு ஸ்டிக்கர்) முடிச்சிட்டேன், அப்புறமா உள்ள பிரஷ்ஷே போகாது. பெயின்ட் பத்தி நெறைய பேருக்கு தெரியும், அதனால ஒண்ணே ஒண்ணு சொல்றேன், டெக்கால் ஒட்டறதுக்கு முன்னாடி பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட் அடிச்சிடுங்க, சொரசொரப்பு மேல ஒட்டினா அடியில காத்து மாட்டி வெள்ளையா தெரியும். கம்பிக்கு நான் எதுவும் வாங்கல, பாகங்கள் மாட்டியிருக்கற சட்டம் இருக்கே, ஸ்ப்ரூ, அதுல ஒரு துண்ட மெழுகுவத்தி மேல காட்டி எளகினதும் வெளிய எடுத்து இழுத்தா தலைமுடி கனத்துக்கு நூலா வரும். அரை சென்டிமீட்டர் கம்பின்னா 1/72ல 0.07 மில்லிமீட்டர்தான், அதனால அந்த கனம்தான் சரி.

இப்ப வால் பக்கத்துல நாலு கம்பி பாக்கி. விரிசல் விட்ட எடம் எதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்.

சார், உங்க பக்கத்த படிச்சிட்டு இந்நேரம் யாரோ ஒரு கிட் வாங்கியிருப்பாங்க. அடுத்த தடவ இதப் பத்தி போடும்போது, ரெண்டு நாள்ங்கற கணக்க எடுத்துட்டு, பசைய தொடறதுக்கு முன்னாடி எல்லா பாகத்தையும் டேப் போட்டு பொருத்திப் பாருங்க, சேரலேன்னா தேய்ச்சு மறுபடி பாருங்கன்னு ஒரு வரி சேத்துப் போடுங்க. பெட்டிய மூடி வெச்சவங்க யாராச்சும் இத படிச்சா, தயவுசெஞ்சு அத கீழ எடுங்க, பசை டியூப்ப மட்டும் கொஞ்ச நாள் வேற ரூம்ல வெச்சிடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்