மாமாவுக்கு, ஒரு புல்வெட்டி இன்ஜினைப் பற்றி

சிட்னி,
அக்டோபர், ஞாயிறு மாலை

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீங்களும் அத்தையும் பாட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் சொல்ல ஆரம்பித்தால் பட்டறைச் சத்தத்தில் பாதிதான் உங்கள் காதில் விழுகிறது. அதற்குள் "சரி மாப்ளே, வண்டி வந்துருச்சு" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். அத்தையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். விஷயம் ஒரு இன்ஜின்.

நாங்கள் இருக்கும் வாடகை வீட்டுக்கு முன்னும் பின்னும் புல்தரை. அதை வெட்டுவது குடியிருப்பவர் பொறுப்பு. செப்டம்பர் பிறந்தால் இங்கே வசந்தம், புல் கண்ணெதிரே வளர்கிறது. வெட்டியதைப் பச்சை மூடித் தொட்டியில் கொட்டி வாசலில் வைத்தால் கவுன்சில் லாரி அள்ளிக்கொண்டு போகிறது. தின்ன ஒரு மாடு கிடையாது. அம்மாவிடம் சொன்னேன், அன்றைக்கு முழுக்க அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

வேண்டாத சாமான்களைத் தெருவோரம் வைக்க இங்கே தனியாக நாள் உண்டு. அப்படி ஒரு நாளில் நாலு வீடு தள்ளி ஒரு பழைய புல்வெட்டி கிடந்தது. மேலே பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் என்று எழுத்து. அமெரிக்கக் கம்பெனி, 1908-இல் ஆரம்பித்தது. கூலி கொடுத்து ரிப்பேர் செய்தால் புது மெஷினே வாங்கிவிடலாம் என்பதால் இங்கே யாரும் மெனக்கெடுவதில்லை. நான் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். உங்கள் மருமகள் முகம் போன போக்கைப் பற்றி எழுதப் போவதில்லை.

இன்ஜின் மேல்தகட்டில் எண்கள் குத்தியிருக்கும் மாமா, அதுதான் அதன் ஜாதகம். மாடல் எண் 9-இல் தொடங்கினால் இன்ஜின் கொள்ளளவு 9 கன அங்குலம், ஏறக்குறைய 148 சிசி. கோட் என்ற குறியீட்டு எண்ணின் முதல் இரண்டு இலக்கம் செய்த வருஷம். இதில் 74. ஓசூரிலிருந்து முதல் டிவிஎஸ் 50 வந்ததே 1980-இல்தானே! அதற்கும் ஆறு வருஷம் மூத்தது. ஆனால் இது அந்த வண்டி மாதிரி டூ ஸ்ட்ரோக் இல்லை, ஃபோர் ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஆயில் கலக்கக் கூடாது. முதல் நாள் பழக்கதோஷத்தில் கலக்கப் போய்க் கடைசி நிமிஷத்தில் நிறுத்தினேன்.

கார்ப்ரேட்டரைப் பார்த்தால் நீங்கள் ரசிப்பீர்கள். மிதவை கிடையாது. பெட்ரோல் டேங்கின் தலைமேலேயே கார்ப்ரேட்டர் உட்கார்ந்திருக்கிறது, கீழே டேங்குக்குள் இரண்டு குழாய் இறங்குகிறது, ஒன்று நீளம், ஒன்று குட்டை. நடுவில் தோல் போன்ற ஒரு டயாப்ரம். இன்ஜின் மூச்சிழுக்கும் ஒவ்வொரு இழுப்புக்கும் அது துடிக்கிறது. அந்தத் துடிப்பில் பெட்ரோல் நீளக் குழாய் வழியாக ஏறி, டேங்கின் மேற்புறத்தில் இருக்கும் சின்னக் கிண்ணத்தில் நிறைகிறது. குட்டைக் குழாய் அங்கிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. டேங்கில் பெட்ரோல் எவ்வளவு குறைந்தாலும் கிண்ணத்தில் மட்டம் மாறாது.

இந்த டயாப்ரம் காய்ந்த அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. துடிக்காவிட்டால் பெட்ரோல் எப்படி ஏறும்? புதியது வாங்கினேன், விலை ஒன்றும் பெரிதில்லை. பழைய பெட்ரோல் பிசினாகிக் குழாய் நுனியில் இருக்கும் சல்லடையை அடைத்திருந்தது. அடைப்பைக் குத்தக் கம்பியைக் கையில் எடுத்தேன், உங்கள் குரல் கேட்டது: "ஜெட்டுல கம்பி உட்ட, கைய ஒடிச்சிருவேன்." கம்பியைக் கீழே வைத்துவிட்டு, கிளீனரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, பிரஷ்ஷின் நைலான் முடியால் குத்தினேன். டேங்கின் மேற்பரப்பு வளைந்திருந்தால் காற்று இழுக்கும் என்று ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தியும் பார்த்தேன். சமமாகத்தான் இருந்தது.

கரண்ட், பெட்ரோல், கம்ப்ரஷன், இந்த மூன்றும் இருந்தால் ஓடாத இன்ஜின் கிடையாது என்பீர்கள். கரண்டும் வரவில்லை. பொறியைத் தூண்டும் பாயிண்ட், மேலே சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்துக்கு அடியில் டப்பாவுக்குள் இருக்கிறது. வருஷக்கணக்கில் சும்மா கிடந்ததில் முகம் கறுத்திருந்தது. தேய்த்து, இடைவெளியை 0.020 அங்குலம் வைத்தேன், அரை மில்லிமீட்டர். பிளக்கில் நீலமாகப் பொறி வந்தது. கயிற்றை இழுத்தேன். திருப்பி உதைத்ததே உதை! மணிக்கட்டு இரண்டு நாள் வீங்கியிருந்தது.

மூன்றும் இருக்கிறது, ஓடவில்லை. ஒரு வாரம் அதைத் தொடவே இல்லை. டைமிங், அதாவது பொறி வரும் நேரம், தவறினால் தானே இப்படி உதைக்கும் என்று அப்புறம்தான் உறைத்தது. மறுபடி ஃப்ளைவீலைக் கழற்றினால், அதையும் ஷாஃப்டையும் பிடித்திருக்கும் கீ பாதி வெட்டுப்பட்டு நழுவியிருந்தது, டைமிங் தவறியது அதனால்தான். பாயிண்ட் பார்க்கக் கழற்றியபோதே அதைப் பார்த்திருக்க வேண்டும், என் தப்பு. அந்தக் கீயை வேண்டுமென்றே மெத்தென்ற உலோகத்தில் செய்கிறார்கள். கீழே பிளேடு தட்டு கல்லிலோ வேரிலோ மோதினால் கீ அறுந்து ஷாஃப்டைக் காப்பாற்றும். இரும்புக் கீ போட்டால் ஷாஃப்ட் போய்விடும். பழைய சொந்தக்காரர் எதிலோ மோதியிருப்பார், அன்றிலிருந்தே வண்டி மூலைக்குப் போயிருக்கும். அரைவிரல் நீளக் கீ மாமா!

இந்த ஊரிலும் உங்களைப் போல ஒருவர் இருந்திருக்கிறார். மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன். 1952-இல், இதே சிட்னியில் கான்கார்ட் பகுதியில், கிடைத்த தட்டுமுட்டுச் சாமானை வைத்துப் புல்வெட்டி செய்தார். பெட்ரோல் டேங்குக்குப் பீச் பழ டின். அதிலிருந்து வந்ததுதான் விக்டா கம்பெனி, இங்கே அந்தப் பெயரைத் தெரியாதவர் இல்லை. படித்ததும், மாம்பழக்கூழ் டின்னில் டியூப் சொருகி நீங்கள் மோட்டார் ஓட்டிக் காட்டியது ஞாபகம் வந்தது. நம் கிருஷ்ணகிரியில் டின்னுக்கா பஞ்சம்.

புதுக் கீ போட்டுப் போன ஞாயிறு காலை ஏழு மணிக்கு இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் இரவு உடையோடே வேலிக்கு வந்து கடிகாரத்தைக் காட்டினார். ஞாயிறு எட்டு மணிக்கு முன்னால் இந்தச் சத்தம் அக்கம்பக்கத்து வீட்டுக்குள் கேட்கக் கூடாதாம், சட்டமே இருக்கிறது. மன்னிப்புக் கேட்டு அணைத்தேன். ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒரே ஒரு குறை. சூடேறியதும் சத்தம் ஏறி ஏறி இறங்குகிறது, சீராக நிற்பதில்லை. வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் இதில் மேல்மூடிக்குள் ஒரு தகடு, ஃப்ளைவீல் விசிறிக் காற்று அதைத் தள்ளும், ஸ்பிரிங் எதிர்ப்பக்கம் இழுக்கும். பெட்ரோல் ஸ்க்ரூவை மெதுவாக மூடி ஒன்றரைச் சுற்றுத் திறந்துதான் வைத்திருக்கிறேன். பெட்ரோல் குறைவா, எங்காவது காற்று இழுக்கிறதா, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா, எனக்குப் பிடிபடவில்லை. சத்தத்தைப் பதிவு செய்து தம்பி போனுக்கு அனுப்பியிருக்கிறேன். பட்டறையில் வைத்துக் கேட்காதீர்கள். ராத்திரி சாப்பிட்ட பிறகு, டிவியை அணைத்துவிட்டுக் கேட்டுச் சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் சொன்னால் ஞாயிறு எட்டு மணிக்கு மேல் திறந்து பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை