வயிறு தெரியறதுக்கு முன்னாடியே: ஷிப்ட் போடறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

டீம் லீடர், சூப்பர்வைசர், மேனேஜர்னு யாரெல்லாம் மத்தவங்க ஷிப்ட்டையும் பிரேக்கையும் முடிவு பண்றீங்களோ, உங்க எல்லாருக்கும் வணக்கம்.

ஏழு மாச வயித்தோட ஒருத்தி வந்து நின்னா நீங்களே சேர் எடுத்துப் போடுவீங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. நான் எழுதறது ரெண்டாவது மாசத்துல இருக்கறவளுக்காக. வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது, அவளும் சொல்ல மாட்டா, ஏன்னா கரு கலையறது பெரும்பாலும் முதல் 12 வாரத்துக்குள்ளதான் நடக்குது, அது தாண்டட்டும் அப்புறம் சொல்லிக்கலாம்னு நெறைய பேர் வாயத் திறக்காம இருக்காங்க. உடம்பு ரொம்பப் படுத்தற நாளும் வெளிய சொல்ல முடியாத நாளும் ஒண்ணாவே வந்துடுது.

கடைசி பீரியட்ஸ் ஆரம்பிச்ச நாள்ல இருந்துதான் வாரக் கணக்கு, அதனால நாள் தள்ளிப்போச்சுன்னு புரியும்போதே 4 வாரம் ஓடியிருக்கும். 6 வாரம் வாக்குல குமட்டல் ஆரம்பிக்கும், பத்துல ஏழெட்டு பேருக்கு இது உண்டு, பெரும்பாலானவங்களுக்கு 16ல இருந்து 20 வாரத்துக்குள்ள அடங்கிடும், சிலருக்கு அதுக்கு மேலயும் போகும். காலையில மட்டும்தான் வரும்னு பல பேர் நெனச்சுட்டு இருக்கீங்க, அப்படிக் கிடையாது, மத்தியானம் மூணு மணி மீட்டிங்லயும் வரும் நைட் ஷிப்ட்லயும் வரும். நான் பாத்திருக்கேன், பில்லிங் கவுண்டர்ல நிக்கற பொண்ணு எதிர்ல ஒருத்தர் சென்ட் போட்டுட்டு வந்து நின்னதும் மூச்ச அடக்கிக்கிட்டு, வாயில ஊறற எச்சில முழுங்கி முழுங்கி, ஒரு கையால மேசை விளிம்ப இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு மறு கையால சில்லறை எண்ணிக் குடுத்தா. பின்னாடி நின்ன சூப்பர்வைசர் அவகிட்ட சொன்னது "கொஞ்சம் சிரிச்ச முகமா இரும்மா". எனக்கு நெஞ்சு வலிச்சுது.

இது மனசு சம்பந்தப்பட்டது, செல்லம் கொஞ்சறா, வேலைக்கு டிமிக்கி குடுக்கறான்னு தயவுசெஞ்சு பேசாதீங்க. ஹெச்சிஜிங்கற ஹார்மோன் ஆரம்ப வாரங்கள்ல ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா இரட்டிப்பாகி 8ல இருந்து 11 வாரத்துக்குள்ள உச்சத்துக்குப் போகுது, பல பேருக்கு குமட்டலும் அந்த சமயத்துலதான் உச்சம். 2023 கடைசில நேச்சர்ங்கற அறிவியல் இதழ்ல வந்த ஆராய்ச்சி இன்னும் தெளிவா காட்டிச்சு, ஜிடிஎஃப்15னு ஒரு ஹார்மோன் கரு வளரும்போது தாயோட ரத்தத்துல ஏறுது, கர்ப்பத்துக்கு முன்னாடி அது கம்மியா இருந்த உடம்பு அந்த திடீர் ஏத்தத்தத் தாங்க முடியாமத்தான் அவ்வளவு வாந்தி. அவளா வரவழைச்சுக்கிட்டது ஒண்ணும் இல்ல.

அடுத்தது பாத்ரூம், இத நான் கொஞ்சம் விரிவாவே சொல்லணும். கர்ப்பத்துல ரத்த ஓட்டம் கூடுது, கிட்னி வடிகட்டற அளவு முதல் மூணு மாசம் முடியறதுக்குள்ளயே கிட்டத்தட்ட பாதி மடங்கு கூடிடுது, மேலேந்து கர்ப்பப்பை மூத்திரப்பைய அழுத்துது, அப்ப மணிக்கொரு தரம் எழுந்து போகாம என்ன பண்ணுவா? சில இடங்கள்ல பாத்ரூம் போக ரிஜிஸ்டர்ல கையெழுத்து, டோக்கன் எல்லாம் வெச்சிருக்காங்க. அதுக்கு பயந்து தண்ணி குடிக்காமலே வேலை பாக்கற பொண்ணுங்க இருக்காங்க. தண்ணி கொறஞ்சு, வந்தத அடக்கியும் வெச்சா யூரின் இன்ஃபெக்‌ஷன் வர வாய்ப்பு கூடும், கர்ப்பத்துல அது சுலபமா கிட்னி வரைக்கும் ஏறிடும், கொழந்தைக்கும் ஆபத்து. அந்த ரிஜிஸ்டர எடுத்துடுங்க, வேற வழியே சொல்லல நான்.

அசதியும் தூக்கமும் புரோஜெஸ்டிரான்ங்கற ஹார்மோன் பண்ற வேலை, எட்டு மணி நேரம் தூங்கிட்டு வந்தாலும் கண்ணு சொருகும். அதே ஹார்மோன் குடல மந்தமாக்கும், மலச்சிக்கல், வயித்து உப்புசம், நெஞ்செரிச்சல் எல்லாம் அதனாலதான். ரத்தக் குழாய் தளர்ந்து பிரஷர் இறங்கும், அதனால ரொம்ப நேரம் நின்னாலோ சட்டுனு எழுந்தாலோ தலை சுத்தும். மார்பு துணி பட்டாக்கூட வலிக்கும், மாசாமாசம் வர்ற மாதிரி அடிவயிறு லேசா இழுக்கும்.

இதெல்லாம் சகஜம். ஆனா சிலது சகஜம் இல்ல, அதையும் நீங்க தெரிஞ்சு வெச்சுக்கணும். குடிச்ச தண்ணி கூட ஒரு நாள் முழுக்க வயித்துல தங்கலன்னா, யூரின் அடர் மஞ்சளா போச்சுன்னா, காய்ச்சலோட யூரின் போகும்போது எரிச்சல் இருந்தா அன்னிக்கே டாக்டர்கிட்ட போகணும். ரத்தம் பட்டா, கொஞ்சமா இருந்தாலும் சரி, டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும். ஒரு பக்கமா கடுமையான வலி, தோள்பட்டை நுனியில வலி, மயக்கம்னு வந்தா கரு கர்ப்பப்பைக்கு வராம கருக்குழாய்லயே தங்கி அந்தக் குழாய் வெடிச்சிருக்கலாம், அது உயிர் போற விஷயம். அப்ப "ஷிப்ட் முடிச்சுட்டு போ"ன்னு ஒரு வார்த்தை சொன்னாலும் போதும், நேரம் கைவிட்டுப் போயிடும்.

நான் கேக்கறது கொஞ்சம்தான். நின்னு பாக்கற வேலை எதுவா இருந்தாலும் பக்கத்துல ஒரு ஸ்டூல் இருக்கட்டும், கர்ப்பிணிக்குன்னு தனியா வேணாம், எல்லாருக்கும் இருக்கட்டும், அப்பதான் யாரும் யாரையும் உத்துப் பாக்க மாட்டாங்க. பாத்ரூம் போக காரணம் கேக்காதீங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா எதாவது வாயில போட்டுக்க அஞ்சு நிமிஷம் விடுங்க, வெறும் வயிறா இருந்தாதான் குமட்டல் அதிகம். கெமிக்கல் வாடை, கனமான பொருள் தூக்கறது, இந்த மாதிரி வேலைய மாத்திக் குடுன்னு ஒருத்தி கேட்டா, ஏன்னு எல்லார் முன்னாடியும் விசாரிக்காம மாத்திக் குடுங்க. அவளே வந்து விஷயத்த சொன்னா அது உங்களோடயே இருக்கட்டும், கேன்டீனுக்கு போக வேணாம். அடுத்த மாச ஷிப்ட் சார்ட் போடறதுக்கு முன்னாடியே இத உங்க டீம்ல எல்லாருக்கும் பொதுவா சொல்லிடுங்க, ஒருத்தி வந்து கேக்கட்டும்னு காத்திருக்காதீங்க.