புளூகிராஸ் விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

பாஞ்சோ, மாண்டலின் போன்ற நரம்பிசைக் கருவிகளோடு பாடப்படும் அமெரிக்க நாட்டுப்புற இசையான புளூகிராஸுக்கென நாம் நடத்தும் விழாவில், சனிக்கிழமை மாலை மேடையில் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். ஒரு காட்சி மட்டும் இன்னும் என் கண்ணைவிட்டு அகலவில்லை. சென்ற குளிர்காலத்தில் மறைந்த தம் தாயைப் பற்றி மாண்டலின் கலைஞர் எழுதிய பாடலின் மூன்றாம் சரணத்தில், மேடையோரம் நின்ற நம் தொண்டர் ஒருவர் ‘பழைய பாட்டு’ என்று எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டினார். பாடியவர் நிறுத்திவிட்டார். பாஞ்சோ வாசிப்பவர் வேறொரு வேகமான மெட்டைத் தொடங்கிச் சமாளிக்க, கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் மடக்கு நாற்காலியில் அமர்ந்திருந்த பாடகரின் தந்தை மட்டும் தட்டவில்லை. மடியிலிருந்த தொப்பியைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

வேக வாசிப்புக்குப் பெயர்பெற்ற அந்தக் குழுவின் ஐவரும் முதன்முறையாகத் தங்கள் வாழ்வையே பாடி ஓர் ஆல்பம் செய்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு அதை முழுமையாகப் பாட அவர்களை அனுமதிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

சொந்தத் துயரம் மரபாகாது என்கிறீர்கள். பத்து வயதில் தாயையும் பதினாறில் தந்தையையும் இழந்த, புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோ, தம்மைச் சேர்த்துக்கொண்ட தாய்மாமன் பென் வான்டிவரை நினைத்து எழுதி 1950இல் பதிவுசெய்த ‘அங்கிள் பென்’ பாடல் யாருடைய வாழ்க்கை? நம் விழாவில் அது ஒலிக்காத ஆண்டு உண்டா? பஞ்ச் பிரதர்ஸ் என்ற இசைக்குழுவின் மாண்டலின் கலைஞர் கிறிஸ் தீல், தம் மணமுறிவிலிருந்து உருவாக்கிய, நாற்பது நிமிடங்களுக்கு மேல் நீளும் நான்கு பகுதி இசையை 2008இல் குழுவின் முதல் ஆல்பத்திலேயே வைத்தார். அதனால் பாஞ்சோ ஒன்றும் ஊமையாகிவிடவில்லை.

காதலியைக் கொன்று ஆற்றில் தள்ளும் நம் மரபுப் பாடல்களைக் குழந்தைகளோடு அமர்ந்து கேட்கலாமாம், தாயின் கடைசி மாதங்களைக் கேட்கலாகாதாம். கார் நிறுத்தக் கட்டணத்தை ஆண்டுதோறும் உயர்த்தும்போது மட்டும் மரபு குறுக்கே வருவதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன்.

கசப்பாக எழுதியிருந்தால் பொறுத்தருள்க. அந்த ஐவருக்கும் அந்த ஆல்பத்தை முழுமையாகப் பாட இடம் தாருங்கள். முன்வரிசையில் அந்தப் பெரியவருக்கு ஓர் இருக்கையும் ஒதுக்குங்கள். புதிய விண்ணப்பங்களைப் பெறத் தொடங்கும் முன் பதில் அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
பதினோரு ஆண்டுகளாக வாயிலில் நுழைவுச்சீட்டு கிழிக்கும் தொண்டர்