படிவத்திலேயே இல்லாத பாடத்தை யார் கேட்பார்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் 1 சேர்க்கை தொடங்கிவிட்டால் எங்கள் தெருக்காரர்கள் என்னைத் தேடி வருவார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார், எந்தக் குரூப் எடுக்கலாம் என்று சொல்லுவார் என்ற நம்பிக்கை. இந்த முறை வந்தவள் மாவு மில் அம்மாளின் மகள். பத்தாம் வகுப்பில் 412. புவியியல் படிக்க வேண்டும் என்றாள். அதை நடத்தியே தலை நரைத்தவனுக்கு வேறென்ன வேண்டும்? மறுநாளே அவளையும் தாயாரையும் கூட்டிக்கொண்டு, நான் 2022இல் ஓய்வு பெற்ற அதே பள்ளிக்குப் போனேன்.

படிவத்தில் உயிரியல், கணினி அறிவியல், வணிகவியல் எல்லாம் இருந்தன. வரலாறு, பொருளியல், புவியியல் சேர்ந்த கலைப்பிரிவைக் காணவில்லை. மேசையில் இருந்த இளம் ஆசிரியர் மரியாதையாகத்தான் பேசினார். "நானூறுக்கு மேல் எடுத்துவிட்டு எதற்கு சார் அந்தக் குரூப்? யாரும் கேட்பதில்லை, மூடிவிட்டோம்." படிவத்திலேயே இல்லாததை யார் கேட்பார்கள் ஐயா?

நடந்தது எனக்குத் தெரியும். நான் வெளியே வந்த பிறகு அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. ஆசிரியர் இல்லாத பிரிவில் எந்தப் பெற்றோர் பிள்ளையைச் சேர்ப்பார்? பிள்ளைகள் குறைந்ததும் அதையே காரணம் காட்டிப் பிரிவை மூடியாயிற்று.

1978இல் கல்லூரியில் ஓராண்டு படிக்கும் பி.யு.சி. போய்ப் பிளஸ் 2 வந்தபோது முதல் அணியில் படித்தவன் நான். அன்று எங்கள் வாத்தியார் குற்றாலம் பகுதியின் தலப்படத்தை, அதாவது மேடு பள்ளம், ஆறு, குளம் எல்லாம் காட்டும் விரிவான வரைபடத்தை, மேசையில் விரித்தார். படத்தில் இரண்டு சென்டிமீட்டர், தரையில் ஒரு கிலோமீட்டர். மேற்கே மலையில், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் பழுப்புச் சமஉயரக் கோடுகள் தலைமுடிபோல் நெருங்கிக் கிடக்கும். கிழக்கே வர வர விலகிப்போகும். நடுவே நீலத்தில் சிற்றாறு, இருபுறமும் திட்டுத் திட்டாகக் குளங்கள். "உன் ஊர்க் குளம் நிரம்பினால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும், காட்டு" என்பார். விரல் தானாகக் கோட்டைத் தேடும். நானும் அதே கேள்வியைத்தான் என் பிள்ளைகளிடம் கேட்டு வந்தேன்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணிக் கரை ஊர்கள் மிதந்தபோது எனக்கு அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது.

இன்னொரு வேடிக்கை. பதினாறு வயதில் வேண்டாம் என்று தள்ளிய வரலாற்றையும் புவியியலையும் பொருளியலையும், இருபத்திரண்டு வயதில் டி.என்.பி.எஸ்.சி. பயிற்சி மையத்தில் பணம் கட்டிப் படிக்கிறார்கள். என் பழைய அறிவியல் பிரிவு மாணவர் இருவர் பருவக்காற்றை விளக்கச் சொல்லி என் வீட்டுத் திண்ணைக்கே வந்திருக்கிறார்கள்.

எல்லாப் பள்ளியிலும் இந்தப் பிரிவு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒன்றியத்துக்கு ஒரு மேல்நிலைப் பள்ளியிலாவது ஆசிரியரோடு இருக்கட்டும். அது எந்தப் பள்ளி என்று பத்தாம் வகுப்பு முடிவு வரும் நாளிலேயே சொல்லட்டும்.

மாவு மில் அம்மாளின் மகள் வணிகவியலில் சேர்ந்துவிட்டாள். அந்தத் தலப்படங்கள் இன்னும் ஆய்வக அலமாரியில்தான் இருக்கின்றனவாம். பள்ளி அனுமதித்தால், கரையான் ஏறுவதற்குள் சனிக்கிழமைகளில் வந்து விரித்துக் காட்டத் தயார். சம்பளம் வேண்டாம்.

ஓய்வு பெற்ற முதுகலை ஆசிரியர் (புவியியல்),
தென்காசி மாவட்டம்.