பெரியம்மாவின் ஞானஸ்நானம் செல்லாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் பக்கத்தில் ஒருவர், முழுக்கு ஞானஸ்நானம் (தண்ணீரில் முழுதாக மூழ்கிப் பெறுவது) எடுக்காதவர்களுக்கு இரட்சிப்பே கிடையாது என்று மாற்கு 16:16-ஐக் காட்டி எழுதியிருந்தார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது, அவர்மேல் கோபமும் இல்லை. ஆனால் இதே வசனம் எங்கள் வீட்டில் ஒரு வயதான மனுஷியின் தூக்கத்தை மூன்று மாதம் கெடுத்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

2016 கடைசி. பெரியம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது. கைக்குழந்தையில், இன்றைக்கு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயமாக இருக்கிற இடத்தில் ஞானஸ்நானம், பதினைந்து வயதில் திடப்படுத்தல் (விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் சடங்கு), அதற்கப்புறம் அறுபது வருஷத்துக்கும் மேல் ஞாயிறு தவறாத ஆள். முழங்கால் தேய்ந்தபிறகு ஆலயம் வரைக்கும் நடக்க முடியவில்லை, அதனால் தெருமுனையில் புதிதாக வந்திருந்த ஒரு சபையின் ஜெபக்கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தார். தூரம் குறைவு என்பதுதான் காரணம், உபதேசக் காரணம் ஒன்றும் இல்லை. அங்கே ஒருநாள், "அம்மா, முழுக்கு எடுத்தாச்சா?" என்று கேட்டிருக்கிறார்கள். சின்னப் பிள்ளையில் ஐயர், அதாவது சபையின் போதகர், தண்ணீர் தெளித்தார் என்று இவர் சொல்ல, "அது நனைஞ்சதுதாம்மா, ஞானஸ்நானம் இல்ல" என்று பதில் வந்திருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்து என்னிடம் நீட்டினார். நாலாக மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்து, பின்னால் டேப் ஒட்டியிருந்தது. ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பாக நின்ற ஞானத்தாயின் பெயர் ஊதா மையில். "இது செல்லாதாமே?" என்றார். ஊரெல்லாம் பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டை வைத்துக்கொண்டு அலைந்த சமயம் அது, இவர் கையில் இந்தக் காகிதம்.

சரி, வசனத்துக்கு வருகிறேன். "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்" என்பது பாதிதான். மீதி, "விசுவாசியாதவனோ ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கப்படுவான்". ஞானஸ்நானம் பெறாதவன் என்று அங்கே இல்லை. அதோடு நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் இரண்டிலும் மாற்கு 16 எட்டாம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது என்பது வேதபாடக் கல்லூரிகளில் சொல்லிக்கொடுக்கிற விஷயம்தான். அதை வைத்து வசனத்தைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. ஒருவரை நரகத்துக்கு அனுப்ப இந்த ஒரு வசனத்தில் இவ்வளவு பாரத்தை ஏற்றவேண்டாம் என்கிறேன்.

ஞானஸ்நானம் இல்லாமலே பரதீசு வாக்கைப் பெற்ற, சிலுவையில் தொங்கிய கள்ளனைச் சொன்னால் அது பழைய உடன்படிக்கைக் காலம் என்று தயாராகப் பதில் வைத்திருப்பார்கள். அப்படியானால் அப்போஸ்தலர் 10-க்கு வாருங்கள். கொர்நேலியு வீட்டில் பேதுரு பேசிக்கொண்டிருக்கும்போதே பரிசுத்த ஆவி இறங்கிவிடுகிறது, அதற்கப்புறம்தான் தண்ணீரை விலக்க யாருக்கு முடியும் என்று பேதுரு கேட்கிறார். தேவன் ஏற்றுக்கொண்டது முதலில், தண்ணீர் பின்னால்.

அதற்காக ஞானஸ்நானம் வெறும் சடங்கு என்று சொல்லிவிடவும் முடியாது. யோவான் 3:5-ல் ஜலத்தினாலும் ஆவியினாலும் என்று இருக்கிறது, பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு பாவமன்னிப்புக்கென்று ஞானஸ்நானம் பெறச் சொல்கிறார், 1 பேதுரு 3:21 அது நம்மை இரட்சிக்கிறது என்றே சொல்கிறது, ஆனால் அதே மூச்சில் "மாம்ச அழுக்கை நீக்குதலாயிராமல்" என்றும் சொல்லிவிடுகிறது. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற எங்கள் பக்கத்து ஆட்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும். பிள்ளைக்கு மோதிரம் போடக்கூடியவரைப் பார்த்து ஞானத்தகப்பனாகப் பிடிப்பது, வீடியோ, பிரியாணி, அப்புறம் அந்தப் பிள்ளை ஆலயத்தைப் பார்ப்பது கிறிஸ்துமஸுக்கு மட்டும். முழுக்குக்காரர்கள் நம்மைக் கேட்கிற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

இது இன்றைக்கு நேற்று வந்ததும் இல்லை. 1540-களில் முத்துக்குளித்துறையில் (தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை) ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்தே கை ஓய்ந்துபோனதாகக் கத்தோலிக்க மிஷனரி பிரான்சிஸ் சவேரியார் கடிதம் எழுதினார். அவர் வருவதற்குச் சில வருஷம் முன்பே ஊர் ஊராகக் கடலோரத்துப் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள், ஆனால் தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர வேறொன்றும் அவர்களுக்குத் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். தண்ணீர் முதலில் வந்தது, ஜெபங்களைத் தமிழில் சொல்லிக்கொடுத்தது பிறகு.

இதற்கு நேர் எதிரான கதை எங்கள் பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது. குளோரிந்தா, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண விதவை. ஓர் ஆங்கிலேய ராணுவ அதிகாரியோடு திருமணம் இல்லாமல் வாழ்கிறார் என்று ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்தபிறகு, 1778-ல்தான் கொடுத்தார். அதுவரை அந்த அம்மா சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, ஜனங்களைச் சேர்த்து விசுவாசத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். 1780-ல் எழுதின சபைப் பதிவேட்டில் நாற்பது பேர், முதல் பெயர் அவருடையது. அவர் கட்டின ஆலயத்தைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று இன்றும் சொல்கிறோம். அந்தக் காத்திருந்த வருஷங்களில் அவர் கண்ணை மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்விக்கு அந்த வாசகர் பதில் எழுதினால் படிக்க ஆசை.

கத்தோலிக்கர்கள் திருமுழுக்கு (ஞானஸ்நானத்தை அவர்கள் சொல்லும் பெயர்) மீட்புக்கு அவசியம் என்று கண்டிப்பாகச் சொல்கிறவர்கள்தான், சாகக் கிடக்கிற குழந்தைக்கு யார் வேண்டுமானாலும், கிறிஸ்தவர் அல்லாதவர்கூட, தண்ணீர் ஊற்றலாம் என்கிற அளவுக்கு. அவர்களுடைய மறைக்கல்வி நூலே, கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு இணைத்திருந்தாலும் அவர் தமது அருளடையாளங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்ல என்று சொல்கிறது. ஆசைத் திருமுழுக்கு என்றும் அவர்களிடம் ஒன்று உண்டு, தண்ணீர் பெறமுடியாமல் போனாலும் அதற்கான ஆசையையே கடவுள் ஏற்றுக்கொள்வார் என்பது. சிவகாசிப் பக்கம் வீட்டுக்குப் பயந்து வெளியே சொல்லாமல் இயேசுவைக் கும்பிடுகிற பெண்களைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

தெளிப்பா முழுக்கா என்கிற சண்டைக்கு நான் அதிகம் மெனக்கெட விரும்பவில்லை. திதாகே என்கிற ஆதித்திருச்சபை நூலில், ஓடுகிற தண்ணீரில் கொடு, இல்லையென்றால் வேறு தண்ணீர், குளிர்ந்தது முடியாவிட்டால் வெந்நீர், இரண்டும் இல்லையென்றால் தலையில் மூன்று தடவை ஊற்று என்று இருக்கிறது. வெந்நீருக்கே இடம் கொடுத்திருக்கிறார்கள்!

பெரியம்மா ஒருநாள் அந்தச் சபைத் தொட்டியைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். நாலு படி உள்ளே இறங்கவேண்டும், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. "விழுந்திருவேனோன்னு பயமா இருக்கு, இறங்கலைன்னா நரகமோன்னும் பயமா இருக்கு" என்றார். எழுபத்தொன்பது வயதில் ஒருவருக்கு இந்த இரண்டில் எது வேண்டும் என்று கேட்கிற நிலைமையை உண்டாக்கியவர்கள் அதைச் சுவிசேஷம் என்று சொன்னார்கள்.

கடைசியில் எங்கள் ஐயர் வீட்டுக்கு வந்தார். வசனம் ஒன்றும் காட்டவில்லை. டப்பாவிலிருந்த காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த ஞானத்தாய் யாரு?" என்று கேட்டார். பெரியம்மா பேச ஆரம்பித்தார், ஒரு மணி நேரம். அந்த அம்மாதான் இவருக்கு வேதப்புத்தகத்தை வைத்து எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவராம். பேசி முடித்துவிட்டுக் காகிதத்தை அவரே மடித்து டப்பாவில் வைத்தார், அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. 2019-ல் இறந்தார். அடக்கத்துக்கு வந்த தெருமுனைச் சபைக்காரர் ஒருவர் பாட்டெல்லாம் நன்றாகப் பாடிவிட்டு, போகும்போது என் அண்ணன் காதில், "அம்மா கடைசியா முழுக்கு எடுத்தாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த வாசகர் மறுபடியும் எழுதினால், மாற்கு 16:16-ன் இரண்டாவது பாதியையும் சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை