டிம் செவெரினைத் தமிழில் கொண்டுவர நினைக்கும் பதிப்பாளர்களுக்கு

வணக்கம்.

பயண நூல்களைச் சுருக்கும்போது முதலில் கத்தரி விழுவது கலம் கட்டும் அத்தியாயங்களில்தான். புயலும் திமிங்கிலமும் தப்பிவிடும். மரமும் கயிறும் போய்விடும். டிம் செவெரின் நூல்களில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அவர் சொல்ல வந்ததே பட்டறையில்தான் இருக்கிறது.

1940-இல் அசாமில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, 2020-இல் அயர்லாந்தில் மறைந்தவர். பழைய கடற்பயணக் கதை நடந்திருக்க முடியுமா என்று பார்க்க, அந்தக் காலத்துப் பொருள்களிலேயே கலம் கட்டி ஓட்டிப் பார்ப்பது அவர் வழி.

ஐரிஷ் துறவி பிரெண்டன் கடல் கடந்த கதையைச் சொல்லும் லத்தீன் ஏடு, ஓக் மரப்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல் படகு என்கிறது. தோலுக்குப் பூசக் கொழுப்பும் ஏற்றிப் போனார்கள் என்கிறது. செவெரின் இந்த வரிகளைச் செய்முறைக் குறிப்பாகவே எடுத்துக்கொண்டார். படகின் நீளம் 36 அடி. ஆஷ் மரச் சட்டத்தை ஆணியில்லாமல், ஏறத்தாழ இரண்டு மைல் தோல்வாரால் கட்டினார்கள். அதன்மேல் 49 மாட்டுத்தோல்களை ஆளிநார் நூலால் கையாலேயே தைத்துப் போர்த்தினார்கள். ஆட்டுரோமக் கொழுப்பில் ஊறிய தோல்தான் கடல்நீரைத் தாங்கியது. குளிர்ந்த கடல் அதற்கு உதவி. வெப்பக் கடலில் அந்தக் கொழுப்பு இளகிவிடும், தோல் அழுகத் தொடங்கும். 1976 மே மாதம் அயர்லாந்தின் கெர்ரி கரையிலிருந்து கிளம்பி, குளிர்காலத்துக்கு ஐஸ்லாந்தில் நின்று, 1977 ஜூனில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தை அடைந்தார்கள். வழியில் பனிக்கட்டி தோலைக் கிழித்தது. கை மரத்துப்போகும் தண்ணீரில் வெளிப்பக்கமாக ஒட்டுத்தோல் வைத்துத் தைத்தார்கள். பலகைப் படகில் அந்த இடத்தில் ஓட்டை விழுந்திருந்தால் நடுக்கடலில் அடைப்பது மிகக் கடினம். தையல் அத்தியாயத்தை வெட்டினால் அவர்கள் ஏன் பிழைத்தார்கள் என்பதே வாசகருக்குப் புரியாது.

சிந்துபாத் பயணம் நமக்கு இன்னும் பக்கம். 1980-இல் ஓமானின் சூர் துறையில் கட்டிய 'சோஹார்' கப்பலுக்கு மலபார்க் கரை அயினி மரம், தென்னை நார்க்கயிறு, லட்சத்தீவுத் தையல்காரர்கள். பலகை விளிம்பில் துளையிட்டு, மூட்டின்மேல் நார்த்திரணை வைத்து, கயிற்றை இழுத்து இறுக்கி, துளையை அடைத்தார்கள். கயிறு மட்டமானால் கப்பலே போய்விடும் என்பதால் கயிறு தேர்வுக்கே அவ்வளவு பாடு. மஸ்கட்டிலிருந்து புறப்பட்ட கப்பல், கோழிக்கோடு, இலங்கை வழியாக 1981-இல் சீனாவின் காண்டன் துறைமுகம் சேர்ந்தது. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகும் தைத்த படகுதான் என்று ஓர் அடிக்குறிப்பு சேருங்கள்.

1993-இல் மூங்கில் தெப்பத்தில் பசிபிக்கைக் கடக்கப் போனவர், கட்டுகள் விட்டுப்போனதால் அமெரிக்கக் கரைக்குச் சுமார் ஆயிரம் மைல் முன்பே தெப்பத்தைக் கைவிட்டார். அதையும் ஒளிக்காமல் எழுதினார். பயணம் வென்றாலும், 'முடியும்' என்றுதான் சொன்னாரே தவிர 'நடந்தது' என்று அடித்துச் சொல்லவில்லை. பின்னட்டை எழுதுபவர் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை 2080 முடியும்வரை உண்டு. உரிமை கேட்கும்போதே, கப்பல் வடிவமைப்பாளர் காலின் மியூடியின் வரைபடங்களுக்கும் படங்களுக்கும் தனியாக அனுமதி கேளுங்கள். அச்சுக்குப் போகுமுன் கட்டுமான அத்தியாயங்களைப் படகு கட்டும் ஆசாரி ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். வங்கு, ஏரா, அணியம், பருமல் என்று கலத்தின் உறுப்புகளுக்கான தமிழ்ச் சொற்கள் எல்லாம் அவர் வாயில் இருக்கின்றன.