காலை எட்டு மணி வரிசை

ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் குடும்ப மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் காலை 8 மணிக்குப் போனும் கையுமாக உட்கார வேண்டும். அதே நிமிடத்தில்தான் ஊரே கூப்பிடுகிறது. வரிசையில் எத்தனையாவது ஆள் என்று ஒரு குரல் சொல்லும். அப்புறம் இசை ஓடும். நம் முறை வந்ததும் "இன்றைக்கு எல்லாம் முடிந்துவிட்டது" என்பார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, அந்த இசையை முணுமுணுத்தபடியே டீ போடுகிறார். பார்க்கச் சிரிப்பு வந்தாலும், மூட்டு வலியோடு நிற்பவரை இப்படிக் காக்க வைப்பது நியாயமில்லை.

2025 அக்டோபர் 1 முதல், மருத்துவரைப் பார்க்கக் கேட்கும் இணையவழிப் படிவம் காலை 8 முதல் மாலை 6.30 வரை திறந்திருக்க வேண்டும் என்பது விதி. நல்ல மாற்றம்தான். அதற்காக, ஸ்மார்ட்போன் பழகாத முதியவர் நேரில் வந்தால் "ஆன்லைனில் போடுங்கள்" என்று திருப்பி அனுப்பக் கூடாது. போனிலும் நேரிலும் கேட்க அவருக்கு உரிமை உண்டு. மொழிபெயர்ப்பாளரையும் இலவசமாகக் கேட்கலாம். நம்மவர்கள் பலரோ மொழிபெயர்க்கப் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு லீவு போடவைத்துக் கூட்டிப் போகிறார்கள்.

இன்னொன்று, 2024 ஜனவரி 31 முதல் தொண்டை வலி, சைனஸ், அக்கி, குழந்தைகளின் காதுவலி உள்ளிட்ட ஏழு தொல்லைகளுக்கு மருந்துக்கடையிலேயே பார்த்து, தேவைப்பட்டால் ஆன்டிபயாட்டிக்கும் தருகிறார்கள். மருத்துவரின் சீட்டு வேண்டாம். இந்த விவரங்களைத் தமிழிலும் அச்சிட்டு, தமிழர் அதிகம் வாழும் பகுதிகளில் வரவேற்பு மேசையிலேயே வைக்க வேண்டும்.

வாசகி, ஹாரோ, லண்டன்